பணம் போய்ச் சேர்ந்தது, ஏழு பேர் வரவில்லை: 'அஸ்பால்ட் வென்ச்சர்' நிகழ்வு ஆய்வு

என் அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர் கம்மவான்பேட்டை. வேலூர்ப் பக்கத்து ஆட்களுக்கு அந்த ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ராணுவப்பேட்டை என்றே அதற்கு இன்னொரு பெயர். வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருந்திருப்பார். அக்கா வீட்டுக்காரரும் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர்தான். மகன் மட்டும் கப்பலுக்குத்தான் போவேன் என்று நின்று, ஆறு மாதப் பயிற்சியை முடித்துவிட்டு வந்தான். ஒரு ஏஜென்ட் மூலம் இடமும் கிடைக்கப் போகிறது என்ற நேரத்தில், மாமா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"மாப்ள, மிலிட்டரில ஒருத்தன் காணாமப் போனா ரெஜிமெண்ட் இருக்குது, ரெக்கார்டு ஆபீஸ் இருக்குது. கப்பல்ல கொள்ளக்காரன் புடிச்சுட்டுப் போனா நாங்க யாராண்ட போய்க் கேக்கறது?"

என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் ஏற்றுமதி டாக்குமென்ட் பார்க்கிற வேலை எனக்கு. கடல் எங்களுக்கு நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தாலும், கடலில் நடப்பது எல்லாம் ஒரு பில்லாக எங்கள் மேசைக்கு வந்துவிடும். கடற்கொள்ளையும் அப்படித்தான் வந்தது. 2009, 2010 வாக்கில் கப்பல் கம்பெனிகள் அனுப்பும் ஃப்ரைட் பில்லில் (சரக்குக் கட்டண பில்), எரிபொருள் கட்டணத்துக்கும் டெர்மினல் கட்டணத்துக்கும் கீழே புதிதாக ஒரு வரி முளைத்தது: ஏடன் வளைகுடா சர்சார்ஜ். ஏமனுக்கும் சோமாலியாவுக்கும் நடுவில் உள்ள அந்தக் கடலுக்கான கூடுதல் கட்டணம். கன்டெய்னர் பெட்டிக்கு இத்தனை டாலர். நான் அதைக் கூட்டலில் சேர்த்துவிட்டு அடுத்த பில்லுக்குப் போனேன். அந்த வரிக்குப் பின்னால் ஆட்கள் இருக்கிறார்கள் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. அது இப்போது உறுத்துகிறது.

மாமாவின் கேள்விக்குப் பதில் தேடியபோது திரும்பத் திரும்ப ஒரே கப்பலிடம் வந்து நின்றேன். கடற்கொள்ளைக்குக் கப்பல் தொழில் ஒரு வழியில் பதில் சொன்னது, அரசுகள் இன்னொரு வழியில் பதில் சொன்னன. இரண்டும் நேருக்கு நேர் மோதிய இடம் அந்தக் கப்பல். அதனால் அதையே எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நடந்தது

2010 செப்டம்பர் 28. பனாமா கொடி கட்டிய 'அஸ்பால்ட் வென்ச்சர்' என்ற சிறிய டேங்கர், கென்யாவின் மொம்பாசாவிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. தார் ஏற்றுகிற கப்பல். அதில் இருந்த 15 பேரும் இந்தியர்கள். தான்சானியாவுக்கு அப்பால் கடலில் சோமாலியக் கொள்ளையர் ஏறினார்கள். கப்பலைச் சோமாலியக் கரைக்குத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

அந்த ஆண்டு இது அரிய செய்தியே அல்ல. 2010இல் மட்டும் சோமாலியக் கொள்ளையர் 49 கப்பல்களைக் கடத்தினார்கள். உலகம் முழுக்க அந்த ஆண்டு கொள்ளையரிடம் பிணையாக மாட்டிய கப்பல் தொழிலாளர்கள் 1,181 பேர். அந்தக் கணக்கில் 15 பேர் என்பது ஒரு சின்ன எண்.

பேரம் ஆறரை மாதம் நடந்தது. 2011 ஏப்ரல் 15 அன்று பணம் போய்ச் சேர்ந்தது. 35 லட்சம் டாலர் அளவில் என்று அப்போது செய்திகள் வந்தன. அதுவரை இருந்த வழக்கம் இதுதான்: பணத்தை எண்ணி முடித்ததும் கொள்ளையர் இறங்கிப் போவார்கள், கப்பல் ஆட்களோடு கிளம்பும். இந்த முறை கப்பலை விட்டார்கள், எட்டுப் பேரை விட்டார்கள். மீதி ஏழு பேரைக் கரைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். காரணத்தையும் வெளிப்படையாகச் சொன்னார்கள். எங்கள் ஆட்கள் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை இந்தியக் கடற்படை பிடித்து வைத்திருக்கிறது, அவர்களை விட்டால் இவர்களை விடுகிறோம் என்றார்கள்.

அந்த ஏழு பேர் வீடு திரும்ப வழி பிறந்தது 2014 அக்டோபர் 30 அன்று. கடத்தப்பட்ட நாளிலிருந்து 4 ஆண்டு, 1 மாதம். அதில் மூன்றரை ஆண்டு, பணம் கொடுத்து முடித்த பிறகு கழிந்த காலம்.

தொழில் கண்ட வழி

கப்பல் தொழில் கடற்கொள்ளையை ஒரு செலவாகவே பார்த்தது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. தொழில் எதையும் அப்படித்தான் பார்க்கும். சோமாலியாவில் 1991இல் அரசு கவிழ்ந்த பிறகு அந்தக் கரையில் கேட்பாரில்லை. கொள்ளைக்காரர்களும் தொழிலாகவே நடத்தினார்கள். படகுக்கும் துப்பாக்கிக்கும் முதல் போடுகிறவர், ஏறுகிறவர், காவலிருக்கிறவர், சாப்பாட்டைக் கடனுக்குக் கொடுக்கிறவர், ஆங்கிலத்தில் பேரம் பேசுகிறவர் என்று ஆளுக்கொரு பங்கு. 2005 ஏப்ரலிலிருந்து 2012 டிசம்பர் வரை அவர்களுக்குப் போன பிணைப்பணம் 33.9 கோடி டாலரிலிருந்து 41.3 கோடி டாலருக்குள் இருக்கும் என்று உலக வங்கி பிறகு கணக்கிட்டது. முதல் போட்டவர்களும் இடைத்தரகர்களும் பெரும்பங்கை எடுத்துக்கொண்டார்கள். உயிரைப் பணயம் வைத்துக் கயிற்றில் ஏறியவனுக்குக் கிடைத்தது சொற்பம்.

இந்த வியாபாரத்தில் கொள்ளையருக்கு இருந்த ஒரே மூலதனம் சொல் தவறாமை. கேட்க வினோதமாக இருக்கும், ஆனால் யோசித்தால் புரியும். பணம் கொடுத்தும் கப்பல் வராது என்று ஆகிவிட்டால் அடுத்த முறை யார் பணம் கொடுப்பார்? காப்பீட்டுக் கம்பெனிகள், வக்கீல்கள், விமானத்திலிருந்து பாராசூட்டில் பணப்பையைப் போடுகிறவர்கள் என்று லண்டன் வரை நீண்ட அந்த ஏற்பாடு முழுக்க இந்த ஒரு நம்பிக்கையின் மேல்தான் நின்றது.

இங்கே என் வேலையோடு சேர்ந்த ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். எங்கள் ஷூப் பெட்டிக்கு மெரைன் பாலிசி, அதாவது கடல் சரக்குக் காப்பீடு, எடுக்கும்போது 'ஏ' பிரிவு எடுத்தால் கடற்கொள்ளையால் வரும் சேதத்துக்கும் இழப்புக்கும் பாதுகாப்பு உண்டு. 'பி', 'சி' பிரிவுகளில் கிடையாது. கப்பல் மூன்று மாதம் சோமாலியாவில் நின்று, ஷூ சீசன் முடிந்த பிறகு போய்ச் சேர்ந்தால் அந்தத் தாமத நஷ்டத்துக்கு 'ஏ' பிரிவிலும் ஒன்றும் வராது. அப்புறம் ஜெனரல் ஆவரேஜ் என்று ஒன்று உண்டு. கப்பலையும் சரக்கையும் காப்பாற்றப் பொதுவாகச் செய்த செலவை, கப்பல்காரரும் சரக்குக்காரர்களும் அவரவர் மதிப்புக்கு ஏற்பப் பங்கிட்டுக்கொள்ளும் பழைய முறை. பிணைப்பணமும் அதில் சேரும். 'லாங்சாம்ப்' என்ற கப்பல் 2009 ஜனவரியில் ஏடன் வளைகுடாவில் கடத்தப்பட்டு 51 நாள் பேரத்துக்குப் பிறகு வந்தது. 60 லட்சம் டாலரில் தொடங்கிய பேரம் 18.5 லட்சத்தில் முடிந்தது. பேரம் பேசிய அந்த 51 நாள் கப்பலை நடத்திய செலவையும் சரக்குக்காரர்கள் பங்கிட வேண்டுமா என்ற வழக்கு பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2017இல் ஆமாம் என்று தீர்ப்பு வந்தது.

இதைப் படித்தபோது எனக்கு ஒன்று பட்டது. அந்த 51 நாளில் செலவான ஒவ்வொரு டாலரும் யார் தலையில் விழ வேண்டும் என்று எட்டு ஆண்டு விவாதித்திருக்கிறார்கள். ஒரு பெட்டி ஷூவுக்கு இத்தனை காகிதம், இத்தனை விதி. 2010இல் பிணையாக உட்கார்ந்திருந்த மாலுமிக்கு அந்த மாதச் சம்பளம் வருமா என்பதற்குச் சர்வதேச விதி ஒன்றுகூட இல்லை. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2006இல் எழுதப்பட்டாலும் நடைமுறைக்கு வந்தது 2013 ஆகஸ்டில்தான். அதிலும் முதலில் கடத்தல் காலத்துச் சம்பளம் பற்றிப் பேச்சில்லை.

முதலாளி சின்ன ஆளாக இருந்துவிட்டால் இன்னும் மோசம். 'ஐஸ்பர்க் 1' 2010 மார்ச்சில் கடத்தப்பட்டது. 24 பேர், அதில் ஆறு இந்தியர்கள். முதலாளி கைவிட்டுவிட்டார். 2012 டிசம்பரில் சோமாலியாவின் புன்ட்லாந்து பகுதிப் படைகள் சண்டை போட்டு 22 பேரை மீட்டன. ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். இன்னொருவர், ஓர் இந்தியர், என்ன ஆனார் என்பது தெரியவே இல்லை. பேரம் என்ற வழியில் பணம் உள்ளவனின் ஆட்கள்தான் திரும்பி வருவார்கள்.

அரசுகள் கண்ட வழி

அரசுகள் தாமதமாக வந்தாலும் பலமாக வந்தன. 2008 ஜூனில் ஐ.நா. பாதுகாப்பு மன்றம் 1816ஆம் தீர்மானத்தின் மூலம், சோமாலியாவின் கடல் எல்லைக்குள்ளேயே போய்க் கொள்ளையரைப் பிடிக்க மற்ற நாடுகளை அனுமதித்தது. அந்த ஆண்டு அக்டோபரில் இந்தியக் கடற்படை ஏடன் வளைகுடாவுக்குக் கப்பல் அனுப்பியது. டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் 'அட்டலாண்டா' படை வந்தது. 2009இல் அமெரிக்கா முன்னின்று அமைத்த 151ஆம் கூட்டுப்படை சேர்ந்துகொண்டது. நேட்டோ கப்பல்களும் இருந்தன. கப்பல்கள் வரிசையாகப் போக ஏடன் வளைகுடாவில் ஒரு பாதை குறிக்கப்பட்டது.

பிடிப்பது சுலபம், பிடித்தவனை என்ன செய்வது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. பல கடற்படைகள் துப்பாக்கிகளைக் கடலில் வீசிவிட்டு, படகுக்குப் பெட்ரோல் ஊற்றி அனுப்பி வைத்தன. வழக்கு நடத்தப் பல நாடுகளிடம் தோதான சட்டம் இல்லை, கென்யா மாதிரி ஓரிரு நாடுகள் தவிர ஏற்றுக்கொள்ளவும் ஆள் இல்லை.

இந்தியாவுக்கு இதில் பழைய காயம் ஒன்று உண்டு. 1999 அக்டோபரில் இந்தோனேசியாவிலிருந்து அலுமினியம் ஏற்றிக் கிளம்பிய 'அலோண்ட்ரா ரெயின்போ' என்ற கப்பலைக் கொள்ளையர் கடத்தினார்கள். ஆட்களை ரப்பர் மிதவையில் ஏற்றிக் கடலில் விட்டுவிட்டார்கள். பத்து நாள் தத்தளித்த அவர்களைத் தாய்லாந்து மீனவர்கள் காப்பாற்றினார்கள். நவம்பரில் நம் கடலோரக் காவல்படையும் கடற்படையும் அந்தக் கப்பலை அரபிக் கடலில் மடக்கின. 2003இல் மும்பை நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. 2005இல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்துவிட்டது. கடற்கொள்ளை என்ற குற்றத்துக்கென நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லாததன் விலை அது. அப்போதே சட்டம் எழுதியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

எழுதவில்லை. 2010 முடிவில் கொள்ளையர், பிடித்த மீன்பிடிக் கப்பல்களையே சிறு படகுகளை ஏவும் தாய்க்கப்பலாக வைத்துக்கொண்டு லட்சத்தீவுப் பக்கம் வரை வந்துவிட்டார்கள். கடற்படை இறங்கியது. இந்தத் தேதிகளைக் கவனமாகப் பார்க்க வேண்டும். 2011 ஜனவரி 28: 'பிரன்டலே 14' கப்பலில் 15 கொள்ளையர் கைது, 20 மீனவர் மீட்பு. பிப்ரவரி முதல் வாரம்: 'பிரன்டலே 11'இல் 28 பேர் கைது. மார்ச் நடுவில்: 'வேகா 5'இல் 61 பேர். மார்ச் 26: இன்னொரு கப்பலில் 16 பேர். கூட்டினால் 120. அத்தனை பேரையும் மும்பைக்குக் கொண்டு வந்தார்கள். கடற்கொள்ளைச் சட்டம் இல்லாததால் கொலை முயற்சி, ஆயுதச் சட்டம் என்று வேறு பிரிவுகளில் வழக்குப் போட்டார்கள். தீர்ப்பு வர 2017 ஆனது.

இரண்டு வழிகளும் மோதிய இடம்

கடைசிக் கைது மார்ச் 26. 'அஸ்பால்ட் வென்ச்சர்' பணம் போய்ச் சேர்ந்தது ஏப்ரல் 15. இடையில் இருபது நாள்.

பேரம் பேசியவர்கள் ஆறு மாதமாகத் தொகையைப் பற்றி மட்டும் பேசியிருக்கிறார்கள். பேரத்தின் கணக்கில் கடற்படை இல்லை. கடற்படையின் கணக்கில் பேரம் இல்லை. கொள்ளையரின் கணக்கில் மட்டும் இரண்டும் இருந்தன. கைதானவர்களின் உறவுக்காரர்களும் கூட்டாளிகளும் அந்தக் கரையிலேயே இருந்தார்கள். கையில் இந்தியர்களும் இருந்தார்கள். சொல் தவறினால் தொழில் கெடும் என்ற பயத்தைவிட அந்தக் கோபம் பெரியதாகிவிட்டது.

ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்ள இந்திய அரசு ஒப்பவில்லை. அதைத் தவறென்று சொல்ல என்னால் முடியாது. உலகக் கப்பல்களில் எங்கே பார்த்தாலும் இந்தியர்கள் வேலை செய்கிறார்கள். ஏழு பேருக்கு 120 பேர் என்று ஒருமுறை கொடுத்தால், அதற்குப் பிறகு எந்தக் கப்பலில் ஏறினாலும் முதலில் இந்தியன் யார் என்று தேடிப் பிரித்து வைப்பார்கள். கைது செய்ததும் தவறில்லை. அந்த நான்கு கப்பல்களிலும் தாய்லாந்து, மியான்மர், மொசாம்பிக், ஈரான் என்று பல நாட்டு மீனவர்கள் அடிமையாகக் கிடந்தார்கள். அவர்களும் ஆட்கள்தான்.

முதலாளியும் பணம் கொடுத்துவிட்டார். அரசும் தன் கடமையைச் செய்தது. ஏழு பேர் மூன்றரை ஆண்டு புதர்க்காட்டில் கிடந்தார்கள். மாமாவின் கேள்வி இங்கேதான் சரியாக வந்து உட்காருகிறது. பட்டாளத்துக்காரனுக்கு முதலாளியும் கொடியும் காப்பவனும் ஒரே ஆள். கப்பல்காரனுக்கு முதலாளி ஒரு நாடு, கொடி பனாமா, ஆள் எடுக்கும் கம்பெனி மும்பை, காப்பீடு லண்டன், பாஸ்போர்ட் மட்டும் இந்தியா. ஒவ்வொருவரும் தங்கள் பங்கை முடித்துவிட்டு நிமிர்ந்தாலும், நடுவில் அவன் விழுந்து கிடக்க இடமிருக்கிறது. அந்த இடத்தில் கடைசிவரை வேலை செய்தவர்கள், கைவிடப்பட்ட பிணையாளிகளுக்காக ஐ.நா.வோடு சேர்ந்து இயங்கிய ஒரு சின்னக் குழுவும், விடாமல் டெல்லிக்கு நடந்த குடும்பங்களும்தான்.

இன்னொன்று. ஏழு பேர் பிணையாளிகளாக இருந்தபோதே, 2012இல் கடற்கொள்ளைச் சட்ட மசோதா ஒன்று மக்களவைக்கு வந்தது. நிறைவேறவில்லை. 2014இல் அந்த மக்களவையின் காலம் முடிந்ததும் மசோதாவும் காலாவதியானது. அவர்கள் வெளியே வந்தபோது சட்டம் இன்னும் இல்லை.

துப்பாக்கி ஏறிய பிறகு

2012இலிருந்து கடத்தல் மளமளவென்று குறைந்தது. 2011இல் சோமாலியக் கொள்ளையர் நடத்திய தாக்குதல்கள் 237, 2012இல் 75, 2013இல் 15. கடற்படைகள் ஒரு காரணம். கப்பல்களே தங்களைக் காத்துக்கொள்ளப் பழகியது இன்னொரு காரணம். தொழில் அமைப்புகள் சேர்ந்து எழுதிய நடைமுறைக் கையேட்டின் நான்காம் பதிப்பு 2011இல் வந்தது. கப்பலைச் சுற்றி ரேசர் கம்பி, பக்கவாட்டில் பீய்ச்சும் தண்ணீர், கூடுதல் காவல், வேகம் குறைக்காமல் ஓட்டுவது என்று எல்லாம் எளிய விஷயங்கள். எல்லாவற்றையும்விடப் பயன்பட்டது சிட்டாடல்: கொள்ளையர் ஏறிவிட்டால் எல்லோரும் உள்ளே போய் எஞ்சினை நிறுத்திப் பூட்டிக்கொள்ளும் பலமான அறை. உள்ளே உணவு, தண்ணீர், வெளியே பேச ஒரு கருவி. ஆள் கையில் சிக்காவிட்டால் கொள்ளையருக்குக் கப்பல் வெறும் இரும்பு. கடற்படை தயங்காமல் ஏறலாம்.

ஆயுதக் காவலர்களும் வந்தார்கள். காவலர் இருந்த கப்பலைச் சோமாலியக் கொள்ளையர் கடத்தியதில்லை என்று தொழிலில் பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பெருமைக்கு நம் மீனவர்கள் கொடுத்த விலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கடலில் 'என்ரிக்கா லெக்சி' என்ற இத்தாலியக் கப்பலில் காவலிருந்த கடற்படை வீரர்கள், கொள்ளையர் என்று நினைத்து இரண்டு மீனவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். இறந்தவரில் ஒருவர் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். நம் மேற்குக் கரை வரைக்கும் ஆபத்துப் பகுதி என்று தொழில் அமைப்புகள் வரைபடத்தில் கோடு போட்டிருந்த காலம் அது. அந்தக் கோட்டுக்குள் மீன் பிடிக்கப் போகிறவன் எல்லோரும் சந்தேகத்துக்குரிய ஆள். வழக்கு சர்வதேசத் தீர்ப்பாயம் வரை போய், 2021இல் 10 கோடி ரூபாய் இழப்பீட்டோடு உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. வரைபடத்தில் இருந்த அந்த எல்லைக் கோட்டை 2015 டிசம்பரில் மேற்கே தள்ளினார்கள். 2023 ஜனவரி 1 முதல் முழுக்கவே எடுத்துவிட்டார்கள்.

அதே ஆண்டு டிசம்பரில் கொள்ளையர் திரும்பி வந்தார்கள்.

இரண்டு கப்பல், இரண்டு முடிவு

2023 டிசம்பர் 14 அன்று மால்டா கொடி கட்டிய 'ரூயென்' கடத்தப்பட்டது. 2017க்குப் பிறகு சோமாலியக் கொள்ளையர் கையில் முழுதாகச் சிக்கிய முதல் சரக்குக் கப்பல். மூன்று மாதம் கழித்து, 2024 மார்ச் 12 அன்று வங்கதேசத்தின் 'அப்துல்லா' 23 பேரோடு சிக்கியது. ஒரே கடல், ஒரு மாத இடைவெளி, இரண்டு முடிவுகள்.

'ரூயெனை' இந்தியக் கடற்படை மடக்கியது. ஐ.என்.எஸ். கொல்கத்தா நெருங்கியபோது கொள்ளையர் சுட்டார்கள், கடற்படையின் டிரோனை வீழ்த்தினார்கள். கடற்படை கப்பலின் திசைமாற்றும் கருவியைச் செயலிழக்கச் செய்து நிறுத்தியது. இந்தியக் கரையிலிருந்து சுமார் 2,600 கிலோமீட்டர் தள்ளி, சி-17 விமானத்திலிருந்து கமாண்டோக்கள் கடலில் குதித்தார்கள். நாற்பது மணி நேரத்தில், மார்ச் 16 அன்று, 35 கொள்ளையரும் சரணடைந்தார்கள். கப்பல் ஆட்கள் 17 பேர் காயமில்லாமல் மீண்டார்கள். அதில் ஒருவர்கூட இந்தியர் இல்லை என்பதை மாமாவிடம் சொன்னபோது நிமிர்ந்து உட்கார்ந்தார்.

'அப்துல்லா'வின் முதலாளிகளும் வங்கதேச அரசும் படை வேண்டாம் என்றார்கள். தங்கள் 23 பேரும் துப்பாக்கி முனையில் இருக்கும்போது யாரும் ஏற வேண்டாம், பேசித் தீர்க்கிறோம் என்றார்கள். அந்த முதலாளிகளுக்கு இது இரண்டாவது அனுபவம். 2010 டிசம்பரில் அவர்களுடைய 'ஜஹான் மோனி' கடத்தப்பட்டு நூறு நாள் கழித்து வந்திருந்தது. ஏப்ரல் 14 அன்று 23 பேரும் விடுதலையானார்கள். 50 லட்சம் டாலர் வாங்கினோம் என்று கொள்ளையர் தரப்பு செய்தி நிறுவனத்திடம் சொன்னது.

எது சரி? ஒரு பக்கம் மட்டும் நிற்க என்னால் முடியவில்லை. 'ரூயென்' வழி அடுத்த கடத்தலைத் தடுக்கும். 'அப்துல்லா' வழி இந்த 23 பேரை வீட்டுக்கு அனுப்பும். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். வங்கதேசத்தில் முதலாளியும் அரசும் ஒரே பேச்சாகப் பேசின. கப்பலின் கொடி, முதலாளி, மாலுமி மூன்றும் ஒரே நாடு. 2011இல் அந்த ஏழு பேருக்குக் கிடைக்காதது அதுதான்.

இந்த முறை 'ரூயெனில்' பிடித்த 35 கொள்ளையரையும் மார்ச் 23 அன்று மும்பைக்குக் கொண்டு வந்தபோது கையில் சட்டம் இருந்தது. 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய கடற்கொள்ளைத் தடுப்புச் சட்டம், 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. கடற்கொள்ளைக்கு ஆயுள் தண்டனை வரை, உயிர் போனால் மரண தண்டனை வரை. 2005 தீர்ப்பிலிருந்து கணக்கிட்டால் 17 ஆண்டு ஆகியிருக்கிறது.

மாலுமியின் பக்கத்திலும் ஒரு முன்னேற்றம் உண்டு. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் 2018இல் திருத்தம் கொண்டுவந்தார்கள். 2020 டிசம்பர் 26 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. கொள்ளையரிடம் பிணையாக இருக்கும் காலம் முழுக்க ஒப்பந்தம் முடிந்ததாகக் கொள்ளக்கூடாது, சம்பளம் வந்துகொண்டே இருக்க வேண்டும் என்கிறது அது. எழுதி வைத்த தேதி கடந்துவிட்டாலும் சரி. இந்த வரியைத்தான் மாமாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன்.

மருமகனின் காகிதங்கள்

சரி, மாமாவுக்கு என்ன பதில் சொன்னேன்? ஒரே ஆளிடம் போய்க் கேட்கலாம் என்று சொல்ல என்னால் முடியவில்லை. ஏறுவதற்கு முன்பே நாலு பேரையும் தெரிந்து வைத்துக்கொள்ளலாம் என்று மட்டும் சொன்னேன். அக்கா காபி போட்டுக் கொடுக்க, மூவரும் உட்கார்ந்து ஏஜென்டுக்கு மூன்று கேள்வி எழுதினோம்.

முதல் கேள்வி, ஆள் எடுக்கும் உரிமம். மத்திய அரசின் கப்பல் இயக்குநரகம் கொடுத்த உரிம எண் இல்லாத ஏஜென்ட் மூலம் போனால், பிறகு அரசிடம் கேட்கப் பிடிப்பு எதுவும் இருக்காது. எண் கொடுத்தார்கள். இயக்குநரகத்தின் இணையதளத்தில் பார்த்தோம், சரியாக இருந்தது.

இரண்டாவது, பிணைக் காலச் சம்பளம் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்பது. மாதிரி ஒப்பந்தம் அனுப்பினார்கள். பதினொன்றாம் பக்கத்தில் இருந்தது. மாமா பென்சிலால் கோடு போட்டார்.

மூன்றாவது, கப்பலின் பெயர், அதன் ஐ.எம்.ஓ. எண் (பெயர் மாறினாலும் மாறாத கப்பல் அடையாள எண்), கொடி, பொறுப்புக் காப்பீடு கப்பல்காரர்களின் எந்தக் காப்பீட்டுச் சங்கத்தில் என்பது. ஐ.எம்.ஓ. எண் இருந்தால், ஆட்களைக் கைவிட்ட கப்பல்களின் பட்டியலில் அது இருக்கிறதா என்று நாமே பார்க்கலாம். "அதெல்லாம் ஏறும்போது தெரியும்" என்று போனில் சொன்னார்கள். எழுத்தில் கொடுங்கள் என்று மருமகன் கேட்டான். பத்து நாள் ஆகிறது. "மாமா, அது வர்ற வரைக்கும் நான் கையெழுத்துப் போடல" என்று நேற்றிரவு என்னிடம் சொன்னான். பெட்டி மட்டும் கட்டி, கூடத்து மூலையில் இருக்கிறது.